உள்நாட்டுப் பொருளாதாரத்துக்காக டாடா, மஹிந்திரா கார்தான் வாங்க வேண்டுமா?

அப்படி இல்லை. கம்பெனி எந்த நாட்டுடையது என்பது வேறு, கார் எங்கே தயாராகிறது என்பது வேறு. ஹூண்டாய் கொரிய நிறுவனம்தான், லாபத்தின் பெரும்பங்கு அங்கே போகும். ஆனால் 1998 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள். அந்தச் சம்பளம் நம் ஊரில்தான் செலவாகிறது. சீட், கண்ணாடி, வயரிங் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளும் சுற்றிலும் வளர்ந்தன. மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த தொழிலாளர்கள் பட்ட பாடு மறக்க முடியாதது.

அதே சமயம் மஹிந்திரா கார்கள் பல மகாராஷ்டிராவில் உருவானாலும், அவற்றை வடிவமைக்கும் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம் இருக்கிறது. அதுவும் நம் பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

சரி, எதை வாங்கலாம்? முதலில் பாதுகாப்பு, விலை, பக்கத்தில் சர்வீஸ். இவற்றில் இரண்டு கார்கள் சமமாக நின்றால், உதிரிபாகங்கள் அதிகம் இங்கேயே செய்யப்படும் காரை எடுங்கள்.