மாலத்தீவில் ‘எல்லாம் அடக்கம்’ பேக்கேஜ்: வாசகர் கேள்விகள்

நானும் கணவரும் நான்கு இரவு மாலத்தீவு போகிறோம். ஒரே ரிசார்ட்டில் ஹாஃப் போர்டைவிட (காலை, இரவுச் சாப்பாடு மட்டும்) ஆல் இன்க்ளூசிவ் (சாப்பாடு, மது எல்லாம் அடக்கம்) இரவுக்கு 130 டாலர் அதிகம். இருவருக்கும் மது பழக்கம் இல்லை. எதை எடுப்பது? (ஈரோடு வாசகி)

இரண்டும் வேண்டாம், ஃபுல் போர்டு (மூன்று வேளைச் சாப்பாடு, மது இல்லாமல்) விலையைக் கேளுங்கள். ஆல் இன்க்ளூசிவில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி பார் கணக்குக்குப் போகிறது. குடிக்காதவர்கள் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பயந்து ஹாஃப் போர்டு எடுத்தாலும் அடி விழும். அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். மதியம் பசித்தால் வெளியே போய்ச் சாப்பிட வழியே கிடையாது. பல இடங்களில் இரவுச் சாப்பாட்டோடு கேட்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தனி பில் வரும்.

மெனு கார்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனியுங்கள். முதலில் 10% சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் 17% சுற்றுலா ஜி.எஸ்.டி. ஆகவே 100 டாலர் என்பது 117 அல்ல, 127-ம் அல்ல, 128.70. இருவர் மதியச் சாப்பாடு மெனுவில் 60 டாலர் என்றால் கையெழுத்துப் போடும் பில் 77.22. ரிசார்ட்டுக்கு மெயில் போட்டு மதிய மெனுவை வாங்கி, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபுல் போர்டுக்கான கூடுதல் தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று வேளைக்கும் குடிநீர் சேர்த்தியா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடிப்பவர்கள் ஆல் இன்க்ளூசிவ் எடுக்கும்போது கேட்க வேண்டியவை வேறு. பஃபே தவிர மற்ற உணவகங்களும் பேக்கேஜில் சேருமா, அல்லது அங்கே பில்லில் ஒரு தொகை வரை மட்டும் கழிப்பார்களா? அறையிலுள்ள மினிபார் தினமும் நிரப்பப்படுமா? கடைசி நாள் அறையைக் காலி செய்யும் 12 மணியோடு சலுகை முடிகிறதா, படகு ஏறும்வரை உண்டா? மாலையில் கிளம்புபவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஜெட் ஸ்கீ போன்ற மோட்டார் விளையாட்டுகள், ஸ்பா ஆகியவை பெரும்பாலும் எந்த பேக்கேஜிலும் சேராது.

இணையத்தில் பார்த்த விலைக்கும் ஏஜென்ட் கடைசியில் சொன்ன விலைக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். ஏமாற்றுகிறார்களா? (நாகர்கோவில் வாசகர்)

அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலில் கண்ணில் படும் விலை பெரும்பாலும் அறைக்கு மட்டும். அதில் விடுபடும் பெரிய தொகை, மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போய்வரும் செலவு. சீப்ளேன் (கடலில் இறங்கும் சிறு விமானம்) என்றால் போகவர ஒருவருக்கு 400 முதல் 600 டாலர் வரைகூட ஆகும். அறை வாடகை மலிவாகத் தெரியும் தொலைதூரத் தீவு, ஸ்பீட்போட்டில் போகக்கூடிய பக்கத்துத் தீவைவிடக் கடைசியில் அதிகமாகிவிடுவது இதனால்தான். தங்கும் நாள் குறையக் குறைய இந்தச் சுமை கூடும். நான்கு இரவுக்குக் குறைவாகப் போகிறவர்கள் சீப்ளேன் தீவைத் தொடாமலிருப்பது நல்லது.

அடுத்து பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இருவர் நான்கு இரவு தங்கினால் 96. டிசம்பர் 24, 31 தேதிகளில் தங்கினால் பல ரிசார்ட்டுகள் விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கும். ஆல் இன்க்ளூசிவ் எடுத்திருந்தாலும் விலக்கில்லை. ‘குழந்தைக்கு இலவசம்’ என்பதும் பலமுறை கட்டிலுக்கு மட்டும்தான். சாப்பாட்டுக்கும் சீப்ளேனுக்கும் தனியாகக் கேட்பார்கள்.

இந்திய ஏஜென்ட் டி.சி.எஸ். (பேக்கேஜ் தொகையோடு சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறும். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவாக எண்ண வேண்டாம்.

எங்கள் விமானம் மாலை 5 மணிக்கு மாலேயில் இறங்குகிறது. அன்றே சீப்ளேன் கிடைக்குமா? (மதுரை வாசகர்)

கிடைக்காது. சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் இறங்கினால்தான் அன்றைக்கே தீவு சேர வாய்ப்பு. உங்கள் விமானத்தில் போனால் முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் அறை எடுக்க வேண்டும். ரிசார்ட் புக்கிங்கை மறுநாளிலிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் தங்காத இரவுக்கும் பணம் போகும். திரும்பும்போதும் இதே சிக்கல்: காலை விமானம் என்றால் முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்ப நேரிடலாம். சீப்ளேனில் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மிஞ்சினால் கிலோவுக்குக் கட்டணம். சர்வதேச விமானத்தில் 30 கிலோ அனுமதி இருந்தது என்ற வாதம் அங்கே எடுபடாது.

நீச்சல் தெரியாது, ஐந்து வயது மகன் உண்டு. வாட்டர் வில்லா ஆசைதான்... (கோவை வாசகி)

வேண்டாம். அறை வாசலில் படி இறங்கினால் கடல். தடுப்பு இல்லாத வில்லாக்கள் ஏராளம். சில ரிசார்ட்டுகள் சிறுவர்களை அங்கே தங்க விடுவதே இல்லை. கடற்கரை வில்லா எடுங்கள். தீவைத் தேர்ந்தெடுக்கும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் பாருங்கள்: கரையைச் சுற்றி வெளிர்நீலம் அகலமாக இருந்தால் ஆழமில்லாத மணல் லகூன், உங்களுக்கு ஏற்றது. கரைக்குப் பக்கத்திலேயே கருநீலம் தொடங்கினால் பவளப்பாறையின் சரிவு அருகில் இருக்கிறது; ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக் குழாயும் போட்டு மிதந்தபடி கடலுக்கடியைப் பார்ப்பது) செய்பவர்கள் தேடுவது அதைத்தான். இரண்டும் ஒரே கரையில் அமைவது அபூர்வம்.

மே விடுமுறையில் போகலாமா? (சேலம் வாசகர்)

விலை இறங்கியிருக்கும், மழையும் தொடங்கியிருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே வறண்ட பருவம். மேயில்தான் முடியும் என்றால் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவைப் பாருங்கள். அங்கே அது நல்ல பருவம். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுக்கு மேல் போகாத விரிகுடா. அதே மாதத்தில் பெந்தோட்டை போன்ற தென்மேற்குக் கரைக்குப் போனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கிப் போகலாமா? (சென்னை வாசகர்)

கூடாது. மதுவும் பன்றி இறைச்சியும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை, சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். ரிசார்ட்டுக்குள் குடிக்கத் தடையில்லை.

விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது? (திருச்சி வாசகி)

முன்கூட்டியே வேண்டாம், இறங்கியதும் தருவார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு குடிவரவுத் துறையின் இமுகா (IMUGA) இணையதளத்தில் பயணி அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும்; திரும்பும்போதும் அப்படியே. அது இலவசம். பணம் கேட்டால் வேறு தளத்துக்குள் போய்விட்டீர்கள் என்று பொருள்.