விரிவுக் கோணம் 5° வைத்தால் இரண்டாம் விதி மீறப்படுமா?

மீறப்படாது. எண்ணூர் மணலின் கணினிக் கணக்கில் நீங்கள் உராய்வுக் கோணம் (மணல் சறுக்கலை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு) 32°, விரிவுக் கோணம் (சறுக்கும்போது மணல் எவ்வளவு பருக்கும் என்பதன் அளவு) 5° வைத்தது சரிதான். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி கேட்பது ஒன்றே: வெப்பமாகும் ஆற்றல் எதிர்மறை ஆகக்கூடாது. பிளாஸ்டிக் திரிபு, அதாவது திரும்பாத உருமாற்றம், அது தொடங்கும் தகைவு (உள்விசை) எல்லையைக் காட்டும் பரப்புக்குச் செங்குத்தாக ஓடவேண்டும் என்ற செங்குத்து விதி, அதைவிடக் கடுமையான தனி நிபந்தனை. இரண்டு கோணமும் சமமானால்தான் அது பொருந்தும்.

ஒட்டுத்தன்மை இல்லாத மணலுக்கு, ட்ரக்கர்–பிராகர் என்ற மண் கணக்கு மாதிரியில் இரண்டு கோணத்தையும் சமமாக்கினால் அந்த வெப்பம் மிகச் சரியாகப் பூஜ்யம்! காசிமேட்டில் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சுள்ளென்று சூடு ஏறும். அந்தச் சூட்டுக்கு அந்த மாதிரியில் இடமே கிடையாது. அதனால் நீங்கள் விரிவுக் கோணத்தைக் குறைத்ததை மாற்றாதீர்கள்.

உங்கள் கணக்கு கன்வர்ஜ் ஆகாமல், அதாவது ஒரு விடையில் நிலைக்காமல் நிற்பது பெரும்பாலும் சால்வரால் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்). கோணங்கள் வேறானால் தொடுவிறைப்பு அணி (திரிபு சற்று மாறினால் தகைவு எவ்வளவு மாறும் என்று சொல்லும் அட்டவணை) சமச்சீரை இழக்கும். சமச்சீரற்ற சால்வருக்கு மாற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு காஸ் புள்ளியிலும் (நிரல் தகைவைக் கணக்கிடும் இடம்) தகைவையும் பிளாஸ்டிக் திரிபின் அதிகரிப்பையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டி அச்சிடுங்கள். எங்காவது எதிர்மறை வந்தால், பெரும்பாலும் அழுத்தத்தின் குறியை எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை: செங்குத்து விதியை நம்பிக் கணக்கிட்ட கீழ் வரம்புச் சுமையை (இதுவரை இடியாது என்று கணக்கு சொல்லும் சுமை), இந்த மணலுக்குப் பாதுகாப்பான எண் என்று எடுக்காதீர்கள்.