நெட் இல்லாம சைக்கிள் கம்ப்யூட்டரில் ரூட் ஏத்துறது: கேட்டதும் சொன்னதும்

ராமநாதபுரத்துல கிளம்பி பாம்பன் வழியா அரிச்சல்முனை வரை ஞாயித்துக்கிழமை ரைடு. ஹேண்டில்பார்ல மாட்டி வழி பார்க்குற சின்னக் கருவிதான் சைக்கிள் கம்ப்யூட்டர். அதுல ரூட் ஏத்துறதைப் பத்தி ரைடுக்கு முன்னாடி வந்த கேள்விகள், கேட்டவங்க ஊர்ப் பேரோட.

கீழக்கரை: அண்ணே, டவர் இல்லைன்னா ஜி.பி.எஸ். வேலை செய்யுமா?

செய்யும் தம்பி. அது சாட்டிலைட் சிக்னல், சிம்மோட சம்பந்தமில்லை. ரொம்ப நாள் சும்மா கிடந்த கருவின்னா முதல் தடவை பிடிக்கச் சில நிமிஷம் ஆகும். வெட்டவெளியில அசையாம வைங்க, புளியமரத்தடி வேண்டாம்.

மண்டபம்: கார்மின் எட்ஜ்னு ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர் வச்சிருக்கேன், லேப்டாப் இல்லை. போன்ல ரூட்டோட ஜி.பி.எக்ஸ். ஃபைல் இருக்கு. கார்மின் ஆப்ல போட்டா சுத்திக்கிட்டே இருக்கு.

சுத்தத்தான் செய்யும். அந்த ஆப் ஃபைலை முதல்ல அவங்க சர்வருக்கு அனுப்பிட்டுத்தான் கருவிக்குத் தரும். ஆப்பை விடுங்க. ஆண்ட்ராய்டு போன்ல ஓ.டி.ஜி. முனையை (போன்ல யு.எஸ்.பி. கேபிள் மாட்ட உதவுற சின்ன அடாப்டர்) செருகி, அதுல கருவியோட கேபிளை மாட்டுங்க. ஃபைல் மேனேஜர்ல கருவி ஒரு பென் டிரைவ் மாதிரி தெரியும். 'கார்மின்' ஃபோல்டருக்குள்ள 'நியூஃபைல்ஸ்'னு ஒண்ணு இருக்கும், அதுல ஃபைலைப் போடுங்க. கேபிளைக் கழட்டி, கருவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா கோர்ஸ் பட்டியல்ல ரூட் வந்திருக்கும். மறுபடி மாட்டிப் பார்த்தா நியூஃபைல்ஸ் காலியா இருக்கும், பதறாதீங்க. கருவி அதைத் தன் வடிவத்துக்கு மாத்தி 'கோர்ஸஸ்' ஃபோல்டருக்குக் கொண்டுபோயிருக்கும்.

உச்சிப்புளி: அதே மாதிரி மாட்டினேன்ணே. சார்ஜ் மட்டும்தான் ஏறுது.

கேபிளை மாத்துங்க. சில கேபிளுக்குள்ள டேட்டா கம்பியே இருக்காது. நான் ஒரு சாயங்காலம் முழுக்கக் கருவியைத் திட்டிட்டு, கடைசியில பக்கத்து வீட்டுக் கேபிளை வாங்கி மாட்டினேன், உடனே வந்துச்சு.

தொண்டி: ஃபைல் தோழிகிட்ட இருக்கு. ரெண்டு பேருக்கும் நெட் இல்லை.

ரெண்டும் ஆண்ட்ராய்டுன்னா குவிக் ஷேர் போதும்மா, பக்கத்துல வச்சே அனுப்பலாம். வந்ததும் பேரைப் பாருங்க. சில போன்ல கடைசியில '.எக்ஸ்.எம்.எல்'னு ஒரு வால் ஒட்டிக்கும். அதை வெட்டி '.ஜி.பி.எக்ஸ்'ல முடியுற மாதிரி மாத்தலேன்னா கருவி கண்டுக்காது.

சாயல்குடி: ரூட்டை வரையவே நெட் வேணுமே?

வேண்டாம். ஓஸ்மேண்ட் ஆப்ல தமிழ்நாடு மேப்பை வீட்டுலயே இறக்கி வச்சுக்கிட்டா, அப்புறம் எங்க உட்கார்ந்தும் வரைஞ்சு ஜி.பி.எக்ஸா எடுக்கலாம்.

ராமேஸ்வரம்: போன தடவை தனுஷ்கோடி தாண்டித் திரும்பும்போது கருவி குழம்பி, ரைடு முடிஞ்சதுன்னு சொல்லிடுச்சு.

இது நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் படுற பாடு. அங்க இருக்கிறது ஒரே ரோடு, போறதும் வர்றதும் அதுலதான். ஃபைல்ல ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும். நீங்க எந்தக் கோட்டுல இருக்கீங்கன்னு கருவிக்குப் புரியாம, சில நேரம் கடைசிக் கோட்டுக்குத் தாவிடும். ரூட்டை ரெண்டா வெட்டுங்க: 'முனைக்கு', 'வீட்டுக்கு'. முனையில இறங்கி இளநீர் குடிக்கிற நேரத்துல ரெண்டாவதைத் திறந்துக்கலாம்.

இன்னொண்ணு: பழைய ஃபைலை யார்கிட்டயாவது வாங்கினா தேதியைப் பாருங்க. முனை வரைக்கும் தார் ரோடு திறந்தது 2017ல. அதுக்கு முன்னாடி ஜீப்புல போனவங்க பதிஞ்ச கோடு மணலுக்குள்ள போகும். கருவி பாவம், ரோட்டுல நேரா போற உங்களைப் பார்த்து "வழி தப்பிட்டீங்க"ன்னு கத்திக்கிட்டே வரும்.

மண்டபம் (மறுபடியும்): முனையில போன் சிலோன் டவரைப் பிடிக்குதாமே, ரூட் கெட்டுடுமா?

ரூட் கெடாது, ரோமிங்ல காசுதான் போகும். போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு மிதிங்க.