கூரை உயரமான வாடகை வீட்டில் தரையோரம் மட்டும் ஏன் குளிர்கிறது?

பெர்லினில் 1900-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கூரை மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் நன்றாகச் சுட்டாலும் கால் சில்லிட்டுப் போகும். இதை வெப்ப அடுக்கு என்று சொல்லலாம்: ஒரே அறைக்குள் சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் தங்கிவிடுவது.

சூடானால் காற்று விரிந்து லேசாகிறது. 20 டிகிரி காற்றைவிட 30 டிகிரி காற்று ஏறக்குறைய 3 சதவீதம் எடை குறைவு. மேலே ஏற அது போதும். வாளியில் இருக்கும் பச்சைத் தண்ணீர்மேல் வெந்நீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். மேலே கை சுடும், அடியில் குளிரும். உடனே கையை விட்டுக் கலக்குவோம் அல்லவா? அறைக்கும் அதுதான் வைத்தியம்.

காற்றைக் கலக்கக் கூரை விசிறி மாட்டலாம் என்றால், வாடகை வீட்டில் கூரையில் துளை போட முடியாது. ஒரு சிறிய மேசை விசிறியே போதும். அதை மூலையில் வைத்து, அதன் முகத்தைக் கூரை நோக்கித் திருப்பி, மிக மெதுவாக ஓடவிடுங்கள். வேகம் கூடினால் காற்று உடலில் பட்டு, இருக்கிற கதகதப்பும் போய்விடும். ரேடியேட்டரை மறைக்கும் சோபாவையும் திரைச்சீலையையும் முதலில் விலக்குங்கள். பல வீடுகளில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சன்னல் இடுக்குகளில் ஒட்டும் நுரைப்பட்டை, தரைக்குக் கம்பளம்.

ரேடியேட்டரில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் குமிழை 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் வேகத்தை அல்ல, எந்த வெப்பநிலையில் நிற்க வேண்டும் என்பதையே குறிக்கிறது, 3 என்றால் சுமார் 20 டிகிரி.