"யார்கிட்டயும் சொல்லாத" என்கிறார் அம்மா

வணக்கம் மேடம்.

எனக்கு 20 வயது. பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வந்து படிக்கிறேன். படித்தேன் என்றுதான் எழுத வேண்டும். ஒரு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை.

18 வயதில் மலத்தில் ரத்தம் வர ஆரம்பித்தது. முதலில் மூலம் என்றார்கள். சூடு என்று அம்மா வெந்தயமும் மோரும் கொடுத்தார். ஆறு மாதம் அப்படியே ஓடிவிட்டது. எட்டுக் கிலோ குறைந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்', அதாவது பெருங்குடல் புண் நோய் என்றார்கள். வாழ்நாள் முழுக்க இருக்கும் என்றும் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு வரன் பாக்கணும்" என்றார்.

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் லேப் மூன்றாவது மாடியில். பாத்ரூம் கீழே, கட்டடத்துக்குப் பின்னால். அடிக்கடி ஓட வேண்டியிருக்கும். பீரியட்ஸ் என்று சொல்லிவிடுவேன். "ஒரு மாசத்துல மூணு தடவையாடி வரும் உனக்கு?" என்று என் தோழி கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்கிவிட்டது. ஒரு கல்யாணத்தில் சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, "வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல" என்றார். அன்றைக்குக் காலையிலிருந்து பதினோரு தடவை போயிருந்தேன்.

போன மாதம் இன்டர்னல் தேர்வில் இரண்டாவது முறை அனுமதி கேட்டு எழுந்தேன். "இப்பதானே போன?" என்று மேற்பார்வையாளர் எல்லாரும் கேட்கும்படிச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு நடந்ததை எழுத முடியவில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் போகவில்லை.

இப்போது வயிறு நன்றாக இருக்கும் நாளிலும் பஸ் ஸ்டாண்டை நினைத்தால் வயிறு புரட்டுகிறது. வெளியே போக வேண்டுமென்றால் முந்தின நாள் மதியத்திலிருந்தே சாப்பிடுவதில்லை. ராத்திரி தூக்கமில்லை, பகலெல்லாம் படுத்தே கிடக்கிறேன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அடுத்து ஊசி போட வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ராத்திரியில் அப்பாவும் அம்மாவும் கடன் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது. நான் இல்லாமலே இருந்தால் இந்த வீட்டுக்கு எவ்வளவோ மிச்சம் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. பத்து நாளாக ஸ்டீராய்டு மாத்திரை போடவில்லை. முகம் பழையபடி ஆகட்டும் என்றுதான். அம்மாவுக்குத் தெரியாது.

"நீ எல்லாத்துக்கும் பயந்து பயந்தே வயித்தக் கெடுத்துக்கிட்ட" என்கிறார் அம்மா. எனக்கு வந்திருப்பது வயிற்று நோயா, மன நோயா மேடம்?

— ஒரு மாணவி

*

அன்பு மகளுக்கு,

என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். உன் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த மாத்திரை. இந்தப் பக்கத்தைப் படித்த கையோடு உன் டாக்டருக்குப் போன் செய், பத்து நாளாகப் போடவில்லை என்று சொல். நம் உடம்பு தினமும் தானாகவே கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்கிறது. வெளியிலிருந்து பல வாரம் மாத்திரையாகக் கொடுத்துவந்தால் அந்தச் சுரப்பு அடங்கிப்போகும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அது உடனே எழுந்து வராது. அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைப்பார்கள். தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் போனுக்குக் காத்திராமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மாத்திரையை நிறுத்தியதை அங்கே முதலில் சொல். பழைய அளவை நீயாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். எவ்வளவு, எப்படி என்று அவர் சொல்லட்டும். முக வீக்கம் போய்விடும். மருந்து குறையக் குறைய, சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களில் பழைய முகம் வந்துவிடும். உனக்கு அந்த முகம் முக்கியம் என்பதையும் டாக்டரிடம் சொல். 20 வயதுப் பெண் அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, நான் இல்லாமலே இருந்தால் மிச்சம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. அதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. நேராகவே கேட்கிறேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா? ஆமாம் என்றால் இன்றைக்கே, இந்த மணியிலேயே 14416 என்ற எண்ணுக்குப் பேசு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அன்றிரவு தனியாகப் படுக்காதே, அம்மா பக்கத்தில் படுத்துக்கொள். அந்த அளவுக்கு இல்லை, எப்போதாவது வந்துபோகிற நினைப்புதான் என்றாலும் அதை இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவர் காதில் போட்டுவிடு. அப்பா ராத்திரியில் கணக்குப் பார்ப்பது நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஊசிகளில் சிலவற்றுக்கு நம் நாட்டிலேயே தயாராகும் விலை குறைந்த வகைகள் வந்திருக்கின்றன. எது உனக்குப் பொருந்தும், முதலமைச்சர் காப்பீட்டில் எதற்கு வழி இருக்கிறது என்று அப்பாவே ஆஸ்பத்திரியில் கேட்கட்டும். கடன் கணக்கு அவர் தலையிலேயே இருக்கட்டும், நீ சுமக்காதே.

இனி உன் கேள்வி. உனக்கு வந்திருப்பது வயிற்று நோய். பயந்து வந்ததில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது. ஏன் என்று மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகத் தெரியாது. அம்மாவின் அதட்டலோ உன் பயமோ அதைக் கொண்டுவரவில்லை. ஆனால் வந்த நோய் மனதையும் சேர்த்துப் பிடிக்கிறது. உன்னுடையது போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்றமும் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நோய் அடங்காமல் தீவிரமாக இருக்கும்போது இன்னும் அதிகம். அழற்சியால் ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் மூளை வரைக்கும் போகின்றன. சோர்வு, எதிலும் ஒட்டாமை, தூக்கக் கேடு இவற்றில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஸ்டீராய்டும் தன் பங்குக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலும் அழுகையும் கொண்டுவரும். ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் இரும்புச்சத்து இறங்கும், படுத்தே கிடக்கத் தோன்றும். நீ சோம்பேறி இல்லை மகளே. அடுத்த முறை போகும்போது ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேள்.

சாப்பிடாமல் இருப்பதை நிறுத்த வேண்டும். புண் இருக்கும்வரை வெறும் வயிற்றிலும் ரத்தமும் சளியும் அவசரமும் வரும். பட்டினியால் தெம்புதான் போகிறது. உன்னால் அடக்க முடியாமல் போனதற்குக் காரணம் மன உறுதி இல்லாமை அல்ல. மலக்குடலின் சுவர் புண்ணாகி விறைத்திருக்கும்போது அதனால் தாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஜப்பானியப் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்குப் பதின்ம வயதிலேயே இந்த நோய் வந்தது. 2007இல் உடல்நிலையால் பதவி விலகினார். புதிய மருந்தில் நோய் அடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2012இல் மறுபடி பிரதமராகி ஏறக்குறைய எட்டு வருடம் ஆட்சி செய்தார். 2020இல் நோய் திரும்ப, மறுபடி விலகினார். அடங்குவதும் திரும்புவதும் இதன் இயல்பு என்பதற்காக இதைச் சொல்கிறேன். திரும்பிய ஒவ்வொரு முறையும் நீ ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்காதே.

நோய் அடங்கிய நாளிலும் பஸ் ஸ்டாண்டை நினைத்தால் வயிறு புரட்டுகிறதே, அது வேறு கணக்கு. அந்தத் தேர்வறையில் பட்டதை உன் உடம்பு மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் போகாமல் இருக்கும்போது, நல்லவேளை போகவில்லை என்று மனம் தப்பாகக் கற்றுக்கொள்கிறது. இதற்கு முறையான சிகிச்சை உண்டு. அறிவுசார் நடத்தை சிகிச்சை என்பார்கள். பயப்படும் இடத்துக்குச் சிறிது சிறிதாக மனதைப் பழக்குவதும் அதில் ஒரு பகுதி. முதல் வாரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் உட்கார்ந்துவிட்டு வா. அப்புறம் தோழியோடு இரண்டு நிறுத்தம். பையில் ஒரு மாற்று உடை, நாப்கின், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கவர். பை இருக்கிறது என்ற தைரியமே பல நாள் அதைத் திறக்க விடாது. புண் ஆறத் தொடங்கிய பிறகு இதைச் செய், இப்போதே வேண்டாம். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் குடலுக்கு எடுக்கும் எல்லா மாத்திரையையும் காட்டு. மனச்சோர்வு மாத்திரைகளில் சில தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு தரும், அவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கல்லூரிக்கு டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கு. 'நாள்பட்ட குடல் நோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறார், தேர்வின்போது கேட்டதும் வெளியே அனுப்ப வேண்டும், வாசலோர இடம் தர வேண்டும்' என்று இருந்தால் போதும். துறைத் தலைவரிடம் நீயோ அப்பாவோ நேரில் கொடுங்கள். விடுப்புக்கும் அதுவே ஆதாரம். அந்த மேற்பார்வையாளர் சொன்னது தவறு. அன்றைக்கு நீ எழுந்து போயிருக்கலாமே என்று உன்னை நீயே திட்டிக்கொண்டிருந்தால், அதை இன்றோடு விடு.

கடைசியாக, அம்மா பஸ்ஸில் சொன்னது. அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் வாய் அவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு வருடம் உன்னைத் தேய்த்ததில் பாதி அந்த வார்த்தைதான் என்பது என் கணிப்பு. பொய்க்குப் பொய் கணக்கு வைத்துக்கொள்வது இருக்கிறதே, அதுவே ஒரு முழுநேர வேலை. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், அந்தத் தோழி ஒருத்திக்குச் சொல். மூன்று தடவையா என்று எண்ணியவள் உன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். "எனக்குக் குடல்ல புண் இருக்குடி, மருந்து எடுத்துக்கிட்டிருக்கேன், திடீர்னு ஓட வேண்டி வரும், யாராவது கேட்டா நீ பாத்துக்க" என்று சொன்னால் போதும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் உள்ளே கூட்டிப் போ. இவளுக்குக் கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா என்று அம்மா வாயாலேயே கேட்கட்டும். நோய் அடங்கியிருக்கும் நேரத்தில் கருத்தரிக்கும் பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். எந்த மருந்தைத் தொடரலாம், எதை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்வார். சொல்லாமல் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாய் என்று அம்மாவிடம் கேள். கோபமாக வேண்டாம், நிஜமாகவே கேள்.

டாக்டரிடம் பேசிவிட்டாயா, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று எனக்கு எழுது. அந்த வரியைப் பற்றி நான் கேட்டதற்கும் பதில் எழுது. காத்திருக்கிறேன்.