மூன்று திரைக்கும் ஒரே கோட்: எந்தக் கருவியை நம்பி இறங்கலாம்?

இந்த மாதம் ஒரே விஷயத்தைச் சுற்றியே கேள்விகள் வந்திருக்கின்றன: கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் ஓட வேண்டிய ஆப்பை எந்தக் கருவியில் எழுதுவது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பின்னலாடை யூனிட்டுகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எல்லாம் சி ஷார்ப் மொழியில், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதியவை. பத்து வருஷமாக ஓடுகிறது. இப்போது முதலாளிகள் ஃபோனிலும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், மாயி, டாரி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பழையதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே கோடாக எழுதிவிடலாமா? எதில் எழுதுவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: பழையதை விடாதீர்கள். கருவியின் பெயரைப் பேசுவதற்கு முன்னால், உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் ஆபீஸில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கணக்கு எழுதுகிறவர் மவுஸைத் தொடாமல் டேப், என்டர், டேப், என்டர் என்று தட்டிக்கொண்டே பில் போட்டுக்கொண்டு போவார். முதலாளி ராத்திரி வீட்டிலிருந்து ஃபோனில் பார்க்க நினைப்பது வேறு: இன்றைக்கு எத்தனை பீஸ் ஓடியது, யாரிடம் எவ்வளவு பாக்கி, துணி எந்த டையிங்கில் நிற்கிறது. இவை ஒரே கணக்கைப் பார்க்கும் இரண்டு தனித்தனி ஆப்கள். இரண்டையும் ஒரே திரைக்குள் அடக்கப் பார்த்தால் கணக்கு எழுதுகிறவருக்கு வேகம் போகும், முதலாளிக்கு எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும்.

‘ஒரே கோட்’ என்ற பேச்சில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஜிஎஸ்டி, ஜாப் ஒர்க் கூலி, பாக்கி என்று கணக்குப் போடும் பகுதி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் எழுதினால் என்றைக்காவது ஒரு நாள் இரண்டும் இரண்டு விடை சொல்லும், அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும். திரையை அப்படி ஒரே இடத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் முதல் வேலையாகக் கணக்குப் பகுதியைத் தனி லைப்ரரியாக, அதாவது பல ஆப்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பாகப் பிரித்து எடுங்கள். டாட்நெட் என்பது சி ஷார்ப் ஆப்கள் ஓடும் மைக்ரோசாஃப்டின் தளம்; அதன் பழைய, புதிய வடிவங்கள் இரண்டுக்கும் பொதுவான டாட்நெட் ஸ்டாண்டர்டு 2.0-க்கு எழுதினால் உங்கள் பழைய விண்டோஸ் ஆப்பும் அதை எடுத்துக்கொள்ளும், நாளைக்கு வரும் புதிய டாட்நெட் ஆப்பும் எடுத்துக்கொள்ளும். எந்தக் கருவிக்குப் போனாலும் இந்த வேலை வீணாகாது.

அப்புறம் ஃபோன். கருவிகளை மூன்று வகையாகப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். ஃப்ளட்டர், க்யூட், அவலோனியா, கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் ஆகியவை திரையில் வரும் பட்டனையும் பெட்டியையும் தாங்களே வரைந்துகொள்கின்றன. எல்லா ஃபோனிலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஃபோனோடு கூடப்பிறந்த ஆப்களின் சாயல் கொஞ்சம் குறையும். ரியாக்ட் நேட்டிவும் மாயியும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் கொடுக்கும் பட்டனையே வாங்கிப் பயன்படுத்துகின்றன. பார்வைக்கு இயல்பாக இருக்கும், ஆனால் ஒரு ஃபோனில் சரியாக வந்தது இன்னொன்றில் நான்கு பிக்சல் தள்ளி நிற்கும், அதைத் துரத்திக்கொண்டு இருக்க வேண்டும். எலக்ட்ரான், டாரி, கெப்பாசிட்டர் ஆகியவை உள்ளுக்குள் ஒரு வெப் பக்கத்தை ஓட்டுபவை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் விண்டோஸ் ஆப்பை அப்படியே விட்டுவிட்டு, ஃபோன் பகுதியை மட்டும் மாயியிலும் அவலோனியாவிலும் ஒரு திரை எழுதிப் பார்ப்பேன். இரண்டிலும் சி ஷார்ப்பிலேயே எழுதலாம், மூன்று பேருக்கும் அது கையில் இருக்கிறது, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்களில் ஒருவருக்காவது ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டைக் கற்க மனசு இருந்தால் ஃப்ளட்டரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தத் திரையை எழுதிப் பார்ப்பது என்பதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். எல்லாக் கருவியிலும் டெமோ ஆப் அழகாகத்தான் இருக்கும். உங்கள் ஆப்பிலேயே ரொம்பக் கஷ்டமான திரையை எடுங்கள். ஐயாயிரம் ஐட்டம் உள்ள லிஸ்ட், தேடலோடு, மூன்று ஜிபி ராம் உள்ள பழைய ஃபோனில் சிக்காமல் ஓட வேண்டும். நெட் இல்லாத நேரத்தில் போட்ட என்ட்ரி, நெட் வந்ததும் இரண்டு தடவை பதிவாகாமல் போய்ச் சேர வேண்டும். புளூடூத் தெர்மல் பிரின்டரில் தமிழ்ப் பெயரோடு ரசீது வர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பல கருவிகளை வடிகட்டிவிடும், ஏனென்றால் இந்த பிரின்டர்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது, எழுத்தைப் படமாக வரைந்து அந்தப் படத்தைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு கருவிக்கு ஒரு வாரம் கொடுங்கள், போதும்.

வேகத்தை ரிலீஸ் பில்டில், அதாவது பயனருக்குக் கொடுக்கும் இறுதி வடிவத்தில் மட்டும் பாருங்கள். எழுதும்போது பிழை தேட ஓட்டும் டீபக் பில்டைப் பார்த்து ஃப்ளட்டர் ஸ்லோ என்று ஒதுக்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும். டீபக்கில் டார்ட் கோட் ஓடும்போதே மொழிமாற்றப்படுகிறது, ரிலீஸில் முன்கூட்டியே மெஷின் கோடாக மாறிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு டெஸ்க்டாப் ஆப் செய்கிறேன். எலக்ட்ரான் கனம், டாரி இலேசு என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு டாரிக்குப் போய்விடலாமா?
– மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: இலேசு என்பது உண்மைதான், எதனால் இலேசு என்று தெரிந்துகொண்டு போங்கள். எலக்ட்ரான் ஒவ்வொரு ஆப்போடும் குரோமின் அடிப்படையான குரோமியம் பிரவுசர் முழுவதையும், ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸையும் கட்டி அனுப்புகிறது, அதனால் ‘வணக்கம்’ என்று ஒரு சன்னலில் காட்டும் ஆப்பே டிஸ்க்கில் நூறு எம்பியைத் தாண்டிவிடும். டாரி அப்படி எதையும் சுமப்பதில்லை, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற வெப்வியூவை (ஆப்புக்குள் வெப் பக்கத்தைக் காட்டும் பகுதியை) கடன் வாங்குகிறது: விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் ஆப்பிளின் வெப்கிட், லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே. சின்ன ஆப் என்றால் சில எம்பியிலேயே முடிந்துவிடும்.

விலை அங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரானில் ஒரே பிரவுசர், நீங்கள் சோதித்ததுதான் பயனர் பார்ப்பதும். டாரியில் மூன்று வேறு இயந்திரங்கள், அதிலும் லினக்ஸில் எந்த வெர்ஷன் இருக்கும் என்பது அவரவர் சிஸ்டத்தைப் பொறுத்தது. விண்டோஸில் அழகாக வந்த சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் கோட்) லினக்ஸில் குலைந்து நிற்கலாம். இன்னொன்று, சைஸில் இருக்கும் வித்தியாசம் ராமிலும் அதே அளவு இருக்கும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸின் வெப்வியூ2-வும் உள்ளுக்குள் குரோமியம்தான், பக்கத்தை வரைய அதற்கும் நினைவகம் வேண்டும்.

2024 அக்டோபரில் வந்த டாரி 2.0 ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டது, அதனால் ஃபோன் ஆசை இருந்தால் டாரிக்குப் போகக் காரணம் கூடுகிறது. ஆனால் உங்கள் ஆப் கம்ப்யூட்டரின் உள்வேலைகளை ஆழமாகத் தொட வேண்டியிருந்தால் ரஸ்ட் என்ற மொழியில் எழுத வேண்டி வரும். புராஜெக்ட் முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது, ரஸ்ட் இதுவரை தொட்டதில்லை என்றால் எலக்ட்ரானிலேயே முடியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் கோட் எழுதும் விஎஸ் கோடே எலக்ட்ரானில்தான் ஓடுகிறது. கவனமாக எழுதினால் அதிலும் வேகம் கிடைக்கும்.

கேள்வி: மாணவர்களுக்காக ஒரு தமிழ் அகராதி ஆப் செய்ய நினைக்கிறோம். முன்பு ஒருவர் செய்து கொடுத்ததில் ‘கொ’, ‘கே’ எல்லாம் உடைந்து வந்தன. தமிழ் சரியாக வரும் கருவி எது?
– தமிழாசிரியர், மதுரை

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை எல்லோரும் முதலிலேயே கேட்க வேண்டும், ஆனால் ஆப் முடிந்து கைக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

‘கெ’ என்ற எழுத்து கம்ப்யூட்டரின் நினைவகத்தில் முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். இப்படி இடம் மாற்றி அடுக்கும் வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர், பெரும்பாலான கருவிகளில் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி அதைச் செய்கிறது. குரோமியத்தில் அது இருக்கிறது, ஃப்ளட்டரிலும் இருக்கிறது. அதனால் திரையில் காட்டுவது மட்டும் என்றால் நான் மேலே சொன்ன பிரபலமான கருவிகளில் பெரிய பயம் இல்லை. சில கேம் எஞ்சின்களில்தான் இன்றைக்கும் கவனம் தேவை.

திரையைத் தாண்டித்தான் வலி ஆரம்பிக்கும். பிடிஎஃப் உருவாக்குவது வேறு லைப்ரரி, அதற்குத் தனியாக ஷேப்பிங் வேண்டும். திரையில் பிழையில்லாமல் வந்த ‘பொங்கல்’ பிடிஎஃபில் சிதறிக் கிடக்கும். தேடலில் இன்னொரு சிக்கல்: ‘கொ’வின் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு எண்ணாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாணவர் ஒரு விதமாகத் தட்டி, உங்கள் தரவில் இன்னொரு விதமாக இருந்தால் ‘கொடி’ என்ற சொல்லே இல்லை என்று ஆப் சொல்லிவிடும். சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும், யூனிகோட் நார்மலைசேஷன் என்பது இதுதான்.

அகராதிக்கு அகர வரிசை உயிர். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. எண் வரிசையில் அடுக்கினால் ‘அன்பு’ ‘அப்பா’வுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், ‘அறம்’ ‘அலை’க்கு முன்னால் போய்விடும். டார்ட்டின் சாதாரண ஒப்பீடு இந்த எண்ணை மட்டும்தான் பார்க்கிறது. பிரவுசர் வழிக் கருவிகளில் மொழிவாரி அடுக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே உண்டு, தமிழ் என்று சொல்லிக் கேட்டால் நம் வரிசையில் கொடுக்கும். எழுத்துகளை எண்ணும் இடத்திலும் கவனம்: ‘தமிழ்’ மூன்றெழுத்து, ஆனால் கோடில் நீளம் கேட்டால் ஐந்து என்று வரும்.

ஆப் செய்பவரிடம் எந்தக் கருவி என்று கேட்பதைவிட ஒரு தாளில் கௌ, கோ, பை, நூ, ஸ்ரீ, க்ஷ என்று எழுதிக் கொடுத்து, இவற்றை ஃபோனின் தமிழ் கீபோர்டில் தட்டிக் காட்டுங்கள், அழித்துக் காட்டுங்கள், தேடிக் காட்டுங்கள், பிடிஎஃபில் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் புதுக் கருவி ஒன்றுக்கு மாறலாம் என்று டீம் சொல்கிறது. ஐந்து வருஷம் கழித்து அது உயிரோடு இருக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கோவை

பதில்: உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை, பெரிய பெயர் பின்னால் இருப்பதும் உத்தரவாதம் ஆகாது. அடோபியின் ஃபோன்கேப் 2020-இல் நின்றது. மைக்ரோசாஃப்டின் சாமரினுக்கு ஆதரவு 2024 மே 1-ஆம் தேதியோடு முடிந்தது, அதில் எழுதியவர்கள் மாயிக்கு மாற வேண்டியிருந்தது. கருவி நன்றாக உயிரோடு இருந்தும் ஒத்துவராமல் போவதும் உண்டு. ஏர்பிஎன்பி 2018-இல் ரியாக்ட் நேட்டிவை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது, ஆனால் ரியாக்ட் நேட்டிவ் இன்றும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் பார்ப்பது இரண்டு. முதலாவது, கூகுளும் ஆப்பிளும் வருஷா வருஷம் புது நிபந்தனை போடும்போது கருவி எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு 15-க்கான ஆப்கள் 16 கேபி மெமரி பக்க அளவில் (நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அளவு அது) ஓட வேண்டும் என்று கூகுள் ப்ளே 2025 நவம்பரை முதல் கெடுவாக வைத்தது. உங்கள் டீம் சொல்லும் கருவி அதற்கு எப்போது தயாரானது என்று அதன் வெளியீட்டுக் குறிப்புகளில் தேடிப் பாருங்கள். கெடுவுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே முடித்திருந்தால் அங்கே ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, ப்ளகின்கள், அதாவது கேமரா, பிரின்டர் போன்றவற்றைக் கருவியோடு இணைக்கும் துணைத் துண்டுகள். கருவியை நூறு பேர் கவனிப்பார்கள், நீங்கள் நம்பியிருக்கும் ப்ளகினை ஒரே ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கவனித்துக்கொண்டிருப்பார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிடங்குக்கு எழுதிய ஆப்பில் பார்கோடு படிக்க ஒரு ப்ளகினைச் சேர்த்தேன், இரண்டு வருஷம் அருமையாக ஓடியது. அடுத்த ஆண்ட்ராய்டு வந்ததும் கேமரா திறக்கவில்லை, எழுதியவரிடமிருந்து பதில் இல்லை, கிடங்கில் ஆட்கள் பார்கோடு எண்ணைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள், நான் மூன்று வாரம் உட்கார்ந்து அந்தப் பகுதியை ஜாவாவில் திரும்ப எழுதினேன். அந்த ஆட்களின் முகத்தைப் பார்க்கவே அப்போது கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கருவியை எடுத்தாலும் தேவையான ப்ளகின்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடைசியாக எப்போது மாற்றம் வந்தது, எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். ஒரே ஆள் கவனிக்கும் ப்ளகின் என்றால், அது நின்றுபோனால் நம் டீமில் யார் எழுதுவார் என்ற பெயரையும் சேர்த்து எழுதிவிடுவேன். பெயர் எழுத ஆள் இல்லையென்றால் அந்தக் கருவி எங்களுக்கு ஆகாது.

கேள்வி: ஏஐ-யே கோட் எழுதித் தருகிறதே, இனிமேல் எந்தக் கருவி என்பது முக்கியமா?
– வாசகர், சேலம்

பதில்: முக்கியம்தான். புதிய கருவிகளுக்கு உலகத்தில் எழுதப்பட்ட கோட் குறைவு, அதனால் ஏஐ பெரும்பாலும் பழைய வெர்ஷனின் வழியில் எழுதிக் கொடுக்கும், பார்க்கச் சரியாக இருக்கும், கம்பைல் ஆகாது. கருவியைச் சோதிக்கும் அந்த ஒரு வாரத்திலேயே ஏஐ-யிடமும் அதே கஷ்டமான திரையைக் கேட்டுப் பாருங்கள். அது தரும் கோடை உங்கள் டீமில் ஒருவர் படித்துத் திருத்த முடிகிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி: ஐபோனுக்கும் சேர்த்து எழுதும் கருவி என்கிறார்கள். மேக் இல்லாமல் முடியுமா? வேறு செலவு என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுதலாம். ஆனால் ஐபோனுக்கான பில்டை எடுக்க ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் வேண்டும், அது மேக்கில் மட்டும்தான் ஓடும். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் மேக்கில் பில்ட் எடுக்கலாம். ஆப்பிளுக்கு வருஷத்துக்கு 99 டாலர், கூகுள் ப்ளேக்கு ஒரே தடவை 25 டாலர். தனிநபர் பெயரில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த ப்ளே கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்த வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.