களைப்பில் மூடிய நோட்டு இல்லை அது

கேள்வி: என் மகன் பள்ளி இறுதியாண்டு படிக்கிறான். இயற்பியலில் கெட்டிக்காரன். வகுப்புத் தோழர்கள் இருவர் தினமும் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, அவனோடு உட்கார்ந்து கடினமான தேர்வுக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் ஒருவன் வரிக்கு வரி ‘ஏன்’ என்று கேட்பவன். போன வாரம் சாய்தளத்தில் பந்து உருளும் கணக்கில், ‘உராய்வு இருக்கும்போது ஆற்றல் எப்படி வீணாகாமல் இருக்கும்?’ என்று கேட்டிருக்கிறான். என் மகன் ‘அது அப்படித்தான், எழுதிக்கோ’ என்று நோட்டை மூடிவிட்டான். பாவம், அவ்வளவு களைப்பு. கடைசித் தேர்வில் அந்தப் பையன் இவனைவிட நான்கு மார்க் அதிகம். ஊருக்கு உழைத்துத் தன் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறானோ என்று பயமாக இருக்கிறது. நட்பு முறியாமல் இதை எப்படி நிறுத்துவது?

பதில்: சகோதரி, தேர்வு நெருங்கும் மாதங்களில் இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கும். என் பிள்ளை சொல்லிக் கொடுக்கிறான், அடுத்த வீட்டுப் பிள்ளை மார்க் வாங்குகிறான் என்ற பயம்தான் எல்லாவற்றிலும். நீங்கள் கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள்.

போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த நோட்டு விஷயத்துக்கு வருவோம். உங்கள் மகன் களைத்துப்போய் நோட்டை மூடவில்லை. பதில் தெரியாமல் மூடினான். தாயாக உங்களுக்கு அது களைப்பாகத் தெரிகிறது. நீங்கள் பயப்பட வேண்டிய இடம் அதுதான், அந்த நான்கு மார்க் இல்லை.

அந்தப் பையன் கேட்டது அருமையான கேள்வி. பந்து வழுக்காமல் உருளும்போது, சாய்தளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. அசையாத புள்ளியில் செயல்படும் விசை வேலை எதுவும் செய்வதில்லை. அதனால்தான் உராய்வு இருந்தும் ஆற்றல் வெப்பமாகக் கரைவதில்லை. ஆனால் பந்தைச் சுழல வைப்பதும் அதே உராய்வுதான். அது இல்லாவிட்டால் பந்து சுழலாமல் வழுக்கிக்கொண்டே இறங்கிவிடும். 30 டிகிரி சாய்தளத்தில் அப்படி வழுக்கி இறங்கும் பந்தின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 4.9 மீட்டர் கூடும். அதுவே உள்ளே கூடு இல்லாத கெட்டிப் பந்தாக (திண்மக் கோளம்) உருண்டு இறங்கினால் 3.5 மீட்டர்தான் கூடும். குறைந்த அந்த 1.4 எங்கே என்று தேடினால், இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போயிருப்பது தெரியும்.

உங்கள் மகனுக்கு விடை மனப்பாடம். விடைக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டை இருப்பதை இந்தப் பையன்தான் காட்டினான். நாளைக்குத் தேர்வில் பந்துக்குப் பதில் வளையத்தைக் கொடுத்து, பாதி தூரம் இறங்கிய பிறகு சாய்தளம் உராய்வே இல்லாத வழுவழுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இவன் என்ன செய்வான்? அந்த இடத்திலிருந்து சுழற்சி வேகம் மாறாமல் அப்படியே இருக்கும், இறங்கும் வேகம் மட்டும் கூடும். உராய்வு என்ன வேலை பார்க்கிறது என்று புரிந்தவனுக்கு அது ஒரு நிமிடக் கணக்கு. ‘எழுதிக்கோ’ என்றவனுக்கு அங்கேயே பேனா நின்றுவிடும். இப்போது சொல்லுங்கள், அந்த மேஜையில் யார் யாருக்கு உதவி செய்கிறார்கள்?

இது நான் சொந்தமாகச் சொல்வது மட்டும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர், தன் மாணவர்கள் கணக்கை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, விசை பற்றிய அடிப்படைக் கேள்விகளில் தடுமாறுவதைப் பார்த்தார். தான் விளக்கியும் புரியாமல் போனபோது, பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று விட்டார். பேசித் தெளிந்தார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து அதையே தன் பாடமுறையாக்கிக்கொண்டார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும், அப்புறம்தான் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம். நேற்றுதான் புரிந்துகொண்டவனுக்கு, எந்த இடத்தில் இடறும் என்று இன்னும் நினைவிருக்கும். வாத்தியாருக்கு அது மறந்தே போயிருக்கும்.

அடுத்தது உங்களுக்குக் கசக்கும். ‘அது அப்படித்தான்’ என்பதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை, பெரியவர்கள் வாயிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் அவன் ஏன் என்று கேட்டபோது என்ன பதில் கிடைத்தது? அவன் அப்பாவோ நீங்களோ ‘எனக்குத் தெரியலைப்பா’ என்று அவன் காதுபடச் சொன்னதுண்டா? தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவமானம் என்று நினைக்கும் வீட்டில், படிப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த பிள்ளைதான் அதிகம் மூச்சுத் திணறுவான். பெயரைக் காப்பாற்றவே அவனுக்கு நேரம் சரியாக இருக்கும்.

இன்னொன்று. படிக்க என்று வாசல் ஏறி வந்த பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவன் மார்க்கை உங்கள் மகன் மார்க்கோடு வைத்துக் கழித்துப் பார்த்தது தவறு. அவன் கேள்வி கேட்டு வாங்கிய மார்க் அது, உங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது இல்லை. நட்பு முறியாமல் நிறுத்த வழி கேட்கிறீர்கள். ‘நீ வராதே, நீ என்னை முந்திவிட்டாய்’ என்று சொல்லிவிட்டு எந்த நட்பு முறியாமல் இருக்கும்?

சரி, நிறுத்த வேண்டிய உதவி என்றும் ஒன்று உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவன் கணக்கைப் படம் பிடித்து அனுப்ப, இன்னொருவன் முழு விடையையும் எழுதித் திருப்பி அனுப்புவது. அதில் கேட்டவனும் கற்பதில்லை, கொடுத்தவனும் கற்பதில்லை. அது நடந்தால் கண்டியுங்கள். மாலையில் உட்காரும்போதும் முதல் இருபது நிமிடம் மூவரும் பேசாமல் தனித்தனியாக முயலட்டும். எங்கே நின்றுபோனோம் என்று ஒவ்வொருவரும் காட்டிய பிறகு பேச்சு ஆரம்பிக்கட்டும்.

இன்றைக்கு உங்கள் மகனைக் கூப்பிட்டு, அந்தப் பையனிடம் போய் ‘அன்னைக்கு எனக்குத் தெரியலைடா, அதான் மூடிட்டேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். வெறும் கையோடு போக வேண்டாம், ஒரு கணக்கையும் எடுத்துக்கொண்டு போகட்டும். அதே பந்து, வழுக்காமல், சாய்தளத்தில் மேல்நோக்கி உருண்டு ஏறுகிறது. உராய்வு எந்தப் பக்கம்? இருவரும் யோசிக்காமல் கீழ்நோக்கி என்பார்கள். மேல்நோக்கித்தான். ஏன் என்பதை அவர்கள் மூவரும் சேர்ந்து கண்டுபிடிக்கட்டும். நீங்கள் கதவைத் திறந்து வையுங்கள்.